எல்லா அணியிலும் ஒரே முகம்

போகிமான் சண்டைகளுக்கு விதி வகுக்கும் ஸ்மோகன் என்ற ரசிகர் அமைப்பின் கணக்குகளில் 4.52 என்று ஒரு சதவீதம் வருகிறது. ஒரு போகிமான் அந்த அளவுக்கு மேல் அணிகளில் இடம்பிடித்தால் அது முதல் அடுக்கு. அதற்குக் கீழே போனால் அடுத்த அடுக்குக்கு இறங்கிவிடும். எண் கோணலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 4.52 சதவீத அணிகளில் இருக்கும் ஒன்றை, தொடர்ந்து 15 ஆட்டம் ஆடுபவர் ஒரு முறையாவது எதிரில் சந்திக்கச் சரிபாதி வாய்ப்பு இருக்கிறது. முன்பு 20 ஆட்டத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். அப்போது எல்லை 3.41 ஆக இருந்தது. உட்கார்ந்து சில ஆட்டங்கள் ஆடினால் எதை எதிர்பார்த்துத் தயாராக இருக்க வேண்டும் என்ற நடைமுறைக் கேள்விக்குப் பதில்தான் இந்த எண்.

அடுக்கு பிரிக்க இது நல்ல கருவி. சிக்கல் எங்கே வருகிறது என்றால், இதே விகிதத்தை வைத்து ஆட்டத்தின் ஆரோக்கியத்தையும் அளக்கும்போதுதான். “எல்லோரும் இதையேதான் எடுத்துவருகிறார்கள், ஆட்டம் செத்துவிட்டது” என்ற புலம்பல் ஒவ்வொரு தலைமுறையிலும் எழுந்திருக்கிறது. சில சமயம் அது முழு உண்மை. சில சமயம் அதிகம் பேர் எடுத்துவரும் அந்த ஒன்றுதான் ஆட்டத்தைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க, அணி எப்படிக் கட்டப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்று 1,025 போகிமான் இனங்கள், 18 வகைகள். அணிக்கு ஆறு. ஸ்மோகன் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று நிற்கும் ஆட்டத்தை வளர்த்தது. ஆறும் களத்துக்கு வரும். வி.ஜி.சி. என்று அழைக்கப்படும் அதிகாரப்பூர்வப் போட்டி இரட்டையர் ஆட்டம். ஆறைப் பதிவு செய்து, எதிராளியின் ஆறைப் பார்த்த பிறகு நான்கைத் தேர்ந்து, இரண்டிரண்டாக இறக்குவார்கள். ஆறில் நான்கு என்றால் 15 தேர்வுகள். அந்த நான்கில் முதலில் எந்த இரண்டு என்பதற்கு ஒவ்வொன்றிலும் 6 வழிகள். ஆட்டம் தொடங்கும் முன்பே 90 வாசல்கள். இதற்குள் ஒரே இனம் இருமுறை வரக் கூடாது, ஒரே பொருளை இருவர் வைத்திருக்கக் கூடாது என்ற விதிகளும் உண்டு. பொருள் பற்றிய விதி சிறியதாகத் தெரியும். ஆனால் உயிர் முழுதாக இருக்கும்போது ஒரே அடியில் விழாமல் காப்பாற்றும் ஃபோக்கஸ் சாஷ் அணிக்கு ஒன்றுதான் என்றால், அதை யாருக்குக் கொடுப்பது என்பதிலேயே பாதி அணியின் வடிவம் தீர்மானமாகிவிடுகிறது.

வகைப் பொருத்தம் பார்ப்பது தொடக்கப் பாடம். நீர், நெருப்பு, புல் மூன்றையும் ஒன்றாக வைத்தால் ஒன்றின் பலவீனத்தை இன்னொன்று மூடும் என்பதைச் சிறுவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு போகிமானுக்கும் பயிற்சியால் 510 புள்ளிகள் வரை சேர்க்கலாம். ஒரு திறனுக்கு 252 உச்சம். தாக்குதலில் விழும் சேதம் ஒரே எண்ணாக இருக்காது. கணக்கிட்ட சேதத்தில் 85 முதல் 100 சதவீதம் வரை 16 படிகளில் ஏதோ ஒன்று விழும். எனவே தேர்ந்த ஆட்டக்காரர் “இதன் உயிரைக் கூட்டுவோம்” என்று நினைப்பதில்லை. “அந்தக் குறிப்பிட்ட எதிரியின் அந்தக் குறிப்பிட்ட அடியில் 16க்கு 15 முறை பிழைக்கிற அளவுக்கு மட்டும் கூட்டி, மீதியை வேகத்தில் போடுவோம், அப்போது இன்னொன்றை ஒரே ஒரு புள்ளியில் முந்தலாம்” என்று நினைக்கிறார். இந்தக் கணக்கில் இரண்டு எதிரிகள் வந்துவிட்டார்கள் பாருங்கள். எதிரி யார் என்று ஊகிக்காமல் அந்த 510ஐப் பங்கிடவே முடியாது. ஆட்டக்காரர்கள் மெட்டா என்று சுருக்கிச் சொல்வது இந்த ஊகத்தின் நிலவரத்தைத்தான்: இப்போது எது புழங்குகிறது, அதை மடக்க எது கிளம்பியிருக்கிறது, அதையும் மடக்க அடுத்து எது வரும்.

முதல் தலைமுறை 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளியானது. அப்போது மனோசக்தி வகைதான் ராஜா என்று எல்லோருக்கும் நினைவு. காரணமும் உண்டு. அதன் எதிரிகள் பூச்சியும் பேயும். பூச்சி வகையில் வலுவான தாக்குதலே இல்லை. பேய் வகைத் தாக்குதல் நிரலில் நேர்ந்த பிழையால் மனோசக்தி மீது பலிக்கவே இல்லை. போதாக்குறைக்கு இருந்த பேய்கள் எல்லாம் பாதி விஷ வகை, மனோசக்தியிடம் அவையே அடிவாங்கும். ஆனால் மியூட்டூவையும் மியூவையும் விலக்கிவிட்டு ஆடும் போட்டிக் களத்தில் கோலோச்சியவை டாரோஸ், சான்சி, ஸ்நார்லாக்ஸ். மூன்றுமே சாதாரண வகை! சிறப்புத் தாக்குதலுக்கும் சிறப்புத் தற்காப்புக்கும் அப்போது ஒரே எண் என்பதால் சான்சி இரண்டிலும் மின்னியது. எதிரியை வீழ்த்திவிட்டால் ஹைப்பர் பீமுக்குப் பிறகு ஓய்வெடுக்க வேண்டியதில்லை என்பதால் டாரோஸ் ஆட்டத்தை முடித்துவைத்தது. பொதுநினைவும் போட்டி நிலவரமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதற்கு இது முதல் சான்று.

விதி எப்படித் தடை என்ற சொல்லே இல்லாமல் தடை விதிக்கும் என்பதற்கும் அதே காலத்தில் உதாரணம் கிடைக்கிறது. 1997இல் நடந்த நின்டெண்டோ கோப்பையில் 50 முதல் 55 வரையிலான நிலையில் உள்ளவைதான் ஆடலாம். களமிறங்கும் மூன்றின் கூட்டு 155ஐத் தாண்டக் கூடாது. மியூட்டூ பிடிபடும்போதே 70ஆம் நிலையில் இருக்கும். பெயரைக் குறிப்பிடாமலேயே வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாம் தலைமுறையில் எஃகும் இருளும் வந்து மனோசக்திக்குக் கடிவாளம் போட்டன. சிறப்புத் திறனும் இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பிரிவினையில் யாரும் பெரிதாக எதிர்பார்க்காத லாபம் ஸ்நார்லாக்ஸுக்கு: பழைய 65, சிறப்புத் தற்காப்பில் 110 ஆக உயர்ந்தது. ஏற்கெனவே மலை போன்ற உயிர் இருந்த ஒன்றுக்கு இது போதாதா? அந்தத் தலைமுறை முழுக்க அணி கட்டுவது என்றால், உன் ஸ்நார்லாக்ஸ் என்ன செய்யும், எதிரியின் ஸ்நார்லாக்ஸை என்ன செய்வாய் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான். இப்போதும் அந்தத் தலைமுறையை ஆடுபவர்கள் இருக்கிறார்கள், ஸ்நார்லாக்ஸுக்கு முதல் அடுக்கில் தடையும் இல்லை. அது அவ்வளவு வேறுபட்ட வேலைகளைச் செய்ய முடிவதால் அந்த ஒற்றை ஆதிக்கத்தையும் ஓர் ஆட்டமாக ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை; ஆனால் இருபது வருடங்களுக்கும் மேலாக ஒரு கூட்டம் சலிக்காமல் ஆடுகிறது என்றால் அதற்கு எதிராக என்ன வாதாடுவது?

பயன்பாட்டு விகிதம் பார்க்கத் தவறும் ஆதிக்கம் 2006இல் வந்தது. அது போகிமானே அல்ல, ஒரு நகர்வு: ஸ்டெல்த் ராக். ஒருமுறை போட்டுவிட்டால் எதிரணியில் யார் உள்ளே வந்தாலும் கல் குத்தும். பொதுவாக எட்டில் ஒரு பங்கு உயிர் போகும். பாறை வகைக்கு எளிதில் விழுபவற்றுக்குக் கால் பங்கு. நெருப்பும் பறவையுமாக இருந்து இரட்டைப் பலவீனம் உள்ள சாரிஸார்டுக்குப் பாதி உயிர். கோடிக்கணக்கானோரின் செல்லமான சாரிஸார்டு களத்துக்குள் நுழைந்த மாத்திரத்தில் பாதி செத்துவிடும். பட்டியலில் சாரிஸார்டு ஏன் கீழே கிடக்கிறது என்று விகிதத்தைப் பார்த்தால் தெரியாது. அதைக் கீழே தள்ளிய கல் பட்டியலில் தனியாக இல்லை. 2019இல் வந்த ஹெவி டியூட்டி பூட்ஸ் என்ற பொருள்தான் இதற்கு ஓரளவு மருந்து. காலணி மாட்டினால் கல் குத்தாது. பதின்மூன்று வருடம் கழித்து வந்த மருந்து.

ஐந்தாம் தலைமுறையின் மழைக் கதை இதைவிடச் சுவாரஸ்யம். அதுவரை களத்தில் முடிவில்லாத மழையைக் கொண்டுவரும் தகுதி கையோகர் என்ற புராணப் பிராணிக்கு மட்டுமே இருந்தது. அதுவோ முதல் அடுக்கில் அனுமதி இல்லாதது. 2010இல் பொலிடோடு என்ற சாதாரணத் தவளைக்கு அந்தத் திறன் கிடைத்தது. மழையில் நீர்த் தாக்குதல் ஒன்றரை மடங்கு. ஸ்விஃப்ட் ஸ்விம் திறன் உள்ளவற்றுக்கு வேகம் இரு மடங்கு. 2011இல் ஸ்மோகன் வித்தியாசமான ஒரு முடிவெடுத்தது. தவளையைத் தடை செய்யவில்லை, வேக நீச்சலையும் தடை செய்யவில்லை; இரண்டும் ஒரே அணியில் சேரக் கூடாது என்றது. விதிப் புத்தகத்தில் இது அழகற்ற ஒட்டுவேலை என்று திட்டியவர்கள் உண்டு. ஆனாலும் நோய் எங்கே இருந்தது என்பதை அது சரியாகத் தொட்டது: தனி ஒருவரின் பலத்தில் இல்லை, கூட்டில் இருந்தது. 2013இல் விளையாட்டைத் தயாரிப்பவர்களே மழைக்கு ஐந்து சுற்று, உரிய கல்லை வைத்திருந்தால் எட்டுச் சுற்று என்று எல்லை போட்டார்கள்.

ஸ்மோகன் இன்று தடையைப் பயன்பாட்டை மட்டும் வைத்துப் போடுவதில்லை. சந்தேகத்துக்குரிய ஒன்றைச் சோதனைக்கு எடுத்து, தரவரிசையில் தகுதி நிரூபித்தவர்களுக்கு வாக்குரிமை கொடுத்து, 60 சதவீதம் ஆதரவு இருந்தால் தடை. திறமையைவிட அதிர்ஷ்டத்தை வளர்ப்பவை, அளவுக்கு மீறிப் பலமானவை, ஆட்டத்தின் ஆரோக்கியத்தைக் கெடுப்பவை என்று காரணங்களையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்பதாம் தலைமுறையில் ஃப்ளட்டர் மேன், பலாஃபின், அயர்ன் பண்டில் எல்லாம் சீக்கிரமே வெளியே போயின. ஆனால் நெடுங்காலம் பட்டியலின் உச்சியில் இருந்த கிரேட் டஸ்க்கை யாரும் தொடவில்லை. கல்லைக் கூட்டித் தள்ளும், கல்லைப் போடவும் செய்யும், வலுவாக அடிக்கும், ஓரளவு தாங்கும். எந்த அணியிலும் பொருந்தும், எந்த அணிக்கும் அடக்கக்கூடியதாகவே இருக்கும். அதற்கு முந்தைய தலைமுறைகளில் இந்த இடத்தில் லேண்டரஸ் இருந்தது. அதிகம் எடுக்கப்படுவது வேறு, அடக்க முடியாதது வேறு என்பதை வாக்காளர்கள் அனுபவத்தில் கற்றிருக்கிறார்கள்.

அதே ஃப்ளட்டர் மேன் அதிகாரப்பூர்வ இரட்டையர் ஆட்டத்தில் அன்றாடப் பிரஜை. 135 வேகம், 135 சிறப்புத் தாக்குதல், ஆனால் உயிரும் உடல் தற்காப்பும் வெறும் 55. ஒருவரை மட்டும் எதிர்கொள்ளும்போது அந்த ஒருவரை முந்தி அடித்துவிட்டால் போதும். எதிரே இருவர் நிற்கும்போது, ஒருவரை அது முந்தி அடித்தாலும் மற்றவர் அந்த 55ஐக் குறிவைப்பார். இப்படித்தான் ஆட்ட வடிவமே சிலவற்றின் பல்லைப் பிடுங்குகிறது. டைனமாக்ஸும் அப்படி. மூன்று சுற்றுக்கு ஒரு போகிமான் பிரம்மாண்டமாகி, உயிர் இரட்டிப்பாகி, அடிக்கும் ஒவ்வொரு அடியிலும் கூடுதல் பலன் பெறும் இந்த வித்தையை, 2019 நவம்பரில் விளையாட்டு வெளியான அடுத்த மாதமே ஸ்மோகன் முதல் அடுக்கிலிருந்து விலக்கியது. வி.ஜி.சி.யில் அது 2022 வரை நடுநாயகமாக இருந்தது, நல்ல ஆட்டங்களையும் தந்தது. போகிமானின் வகையையே மாற்றும் டெரா என்ற வித்தை விஷயத்தில் இரு தரப்பும் ஓரளவு ஒரே இடத்துக்கு வந்தன. வாக்கெடுப்புக்குப் பிறகும் ஸ்மோகன் அதைத் தடுக்கவில்லை.

அதிகாரப்பூர்வத் தரப்பின் வழி வேறு. அவர்கள் தடை செய்வதைவிடக் களத்தையே மாற்றிவிடுகிறார்கள். 2014இல் கேலோஸ் பகுதிப் பட்டியலில் உள்ளவை மட்டும். அந்த வருட உலகக் கோப்பையைத் தென் கொரியாவின் சே ஜுன் பார்க் வென்றபோது அவர் அணியில் பச்சிரிசு என்ற மின்சார அணில் இருந்தது. அதை அதிசயம் என்று கொண்டாடிய அளவுக்கு, அது ஏன் பொருந்தியது என்று பேசப்படவில்லை. அவரிடம் கயராடோஸ் இருந்தது. மின்சாரம் பட்டால் நான்கு மடங்கு அடி. பச்சிரிசு எதிரியின் தாக்குதலைத் தன் பக்கம் இழுக்கும், மின்சாரம் தன் மேல் பட்டால் உயிர் கூடும், தவறாமல் முடக்குவாதம் தரும், எதிரியின் மிச்ச உயிரைப் பாதியாக்கும். மொத்தப் பட்டியலும் திறந்திருந்த வேறொரு வருடத்தில் இந்த வேலைகளுக்கு வலுவான ஆட்கள் கிடைத்திருப்பார்கள். பட்டியல் சுருங்கியதும் அணிலுக்கு இடம் வந்தது.

அடுத்த வருடமே பட்டியல் திறந்தது. விளைவு: கிரெசெலியா, ஹீட்ரான், அமூங்கஸ், லேண்டரஸ், மெகா கங்காஸ்கான் என்ற ஐவர் கூட்டணி. அதற்கு ஆட்டக்காரர்கள் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ‘சாக்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். 2016 இன்னும் இறுக்கம். புராணப் பிராணிகள் இரண்டை அனுமதித்ததும், பிரைமல் கிரவுடன், செர்னியஸ், மெகா கங்காஸ்கான், மெகா சலமென்ஸ், டாலன்ஃப்ளேம், ஸ்மியர்கிள் என்ற ஆறும் அச்சடித்தாற்போல் மேசைக்கு மேசை தென்பட்டன. கங்காஸ்கானும் குட்டியும் சேர்ந்து இருமுறை அடிக்கும். ஸ்மியர்கிள் இரு எதிரிகளையும் ஒரே வீச்சில் தூங்க வைக்கும். அந்த அவகாசத்தில் செர்னியஸ் மூன்று திறன்களை ஒரே சுற்றில் இரட்டை நிலை ஏற்றிக்கொள்ளும். புலம்பல் முழு உண்மையாக இருந்த வருடம் அது. ஆறில் ஒன்றை மாற்றினால் மற்ற ஐந்தும் தளரும்படி கூட்டு அமைந்திருந்தது.

அதை உடைத்தவர் அமெரிக்காவின் வுல்ஃப் கிளிக். அவர் அணி: கையோகர், ரேக்வாசா, ஹிட்மான்டாப், கெங்கர், ரைச்சூ, பிரான்ஸாங். பிரைமல் கிரவுடன் நெருப்பும் நிலமும், நீர் பட்டால் நான்கு மடங்கு. ஆனால் அது கொண்டுவரும் வெயிலில் நீர்த் தாக்குதல் ஆவியாகிவிடும். அதன் பலவீனத்தைக் காப்பது அந்த வானிலை ஒன்றுதான். மெகா ரேக்வாசா வந்ததும் வானிலை மாறும், கையோகரின் நீர் பாயும். கையோகருக்கு வரும் மின்சாரத்தை ரைச்சூ தன் மேல் இழுத்துக்கொள்ளும். சான் பிரான்சிஸ்கோவில் கோப்பை அவருக்குப் போனது. எல்லோரும் ஒன்றையே எடுத்து வந்ததால்தான் அந்த ஒன்றுக்காகவே ஓர் அணியை இழைக்க முடிந்தது. ஆனால் ஒரு சாம்பியனின் மதிநுட்பத்தைக் காட்டி அந்த வருட விதிக்கு நற்சான்று கொடுக்க முடியாது. அடுத்த தலைமுறையில் தயாரிப்பாளர்களே கங்காஸ்கான் குட்டியின் அடியை 50இலிருந்து 25 சதவீதமாகக் குறைத்தார்கள். ஸ்மியர்கிளிடமிருந்து அந்தத் தூக்க வித்தையைப் பிடுங்கிவிட்டார்கள்.

இப்போது இன்சினரோர். 2018இலிருந்து, அனுமதி உள்ள எந்த வருடத்திலும் இந்தப் புலிமுக மல்யுத்த வீரன் இல்லாத மேசை அபூர்வம். விகிதம் மட்டும் பார்த்தால் கங்காஸ்கானைவிடப் பெரிய குற்றவாளி. ஆனால் இதன் வேகம் 60; அடியும் பிரமாதம் இல்லை. உள்ளே வந்தவுடன் மிரட்டி, இரு எதிரிகளின் உடல் தாக்குதலையும் ஒரு படி இறக்கும், முதல் சுற்றில் ஒருவரைத் திகைக்க வைக்கும், பார்ட்டிங் ஷாட் சொல்லிவிட்டு நழுவும், பிறகு மறுபடி வந்து அதையே செய்யும். கல்யாணப் பந்தியில் பரிமாறுபவர் மாதிரி. எல்லாக் கல்யாணத்திலும் அவர் இருப்பார், இலையில் விழும் சமையல் வேறுவேறு. மழை அணியிலும் வெயில் அணியிலும் வேகத்தைத் தலைகீழாக்கும் டிரிக் ரூம் அணியிலும் இன்சினரோர் நிற்கிறது. அதன் தயவில்தான், தனியாக நின்றால் ஒரு சுற்றுகூடத் தாங்காத பலவும் களத்துக்கு வருகின்றன.

இதற்கு விலை இல்லை என்று சொல்லவில்லை. உடல் பலத்தால் அடிப்பவை நெடுநாளாக ஒடுங்கிக் கிடந்ததில் இன்சினரோருக்குப் பங்கு உண்டு. ஆனால் திறன் இறக்கப்பட்டால் எரிச்சலில் இரண்டு படி ஏறும் கிங்காம்பிட், மிலோடிக் போன்றவற்றுக்கு மவுசு வந்ததும் இதனால்தான். 2019இல் சில பழைய திறன்களை உடையவற்றிடம் இந்த மிரட்டல் பலிக்காது என்று விதியும் திருத்தப்பட்டது. எதிர்வினைக்கு வழி விட்டுக்கொண்டே ஆதிக்கம் செலுத்துவது ஒரு ரகம். 2016இன் ஆறு பேர் போல மற்றவர்களை வாசலிலேயே நிறுத்துவது வேறு ரகம். இரண்டுக்கும் ஒரே விகிதம் வரலாம்.

நிலவரம் மாறும் வேகமும் கூடியிருக்கிறது. ஒருவர் கட்டிய அணியைச் சில எழுத்துக் குறியீட்டால் யார் வேண்டுமானாலும் இரவல் வாங்கி ஆடலாம். ஸ்கார்லெட், வயலட் விளையாட்டுகளின் காலப் போட்டிகளில் எதிராளியின் நகர்வு, பொருள், திறன், டெரா வகை எல்லாம் காகிதத்தில் முன்கூட்டியே கைக்கு வரும். மறைவாக இருப்பவற்றில் முக்கியமானது அந்த 510 புள்ளிகளின் பங்கீடு. ஆக இரண்டு இன்சினரோர்கள் பட்டியலில் ஒன்றாகத் தெரிந்தாலும், ஒன்று ஒரு தாக்குதலைத் தாங்கவும் இன்னொன்று எதிர்த்தரப்பு இன்சினரோரைவிட ஒரு புள்ளி மெதுவாக இருந்து பிறகு வெளியேறவும் வளர்க்கப்பட்டிருக்கலாம்.

களத்தை அடிக்கடி மாற்றுவதற்கு விலை கொடுப்பது ஆட்டக்காரர். புதிய விதி என்றால் புதிய பிராணிகள், சில பழைய விளையாட்டிலிருந்துதான் வர வேண்டும், ஒவ்வொன்றையும் பிடித்து வளர்க்க வேண்டும். 2023இல் யோகோஹாமா உலகக் கோப்பையில் வெளி மென்பொருளால் உருவாக்கிய போகிமான்களைக் கொண்டுவந்ததற்காகப் பலர் தகுதி இழந்தார்கள். விதியை மீறியது தவறுதான். ஆனால் ஸ்மோகன் தரப்பில் ஷோடவுன் என்ற இலவசத் தளத்தில் அணியை ஒரே நிமிடத்தில் தட்டச்சு செய்துவிடலாம். இந்தப் பக்கம் அதே அணிக்குப் பல மணி நேரம். சிந்தனையைச் சோதிக்கும் போட்டியில் இந்த உழைப்பு எதைச் சோதிக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட போகிமான் சாம்பியன்ஸ், சண்டையை மட்டும் தனியாக எடுத்துக்கொண்ட விளையாட்டு. இந்தச் சுமை அங்கே குறையலாம்.

இரண்டு புராணப் பிராணிகளை அனுமதிக்கும் விதி 2016, 2019, 2022, 2025 என்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை உலகக் கோப்பைக்குத் திரும்பி வந்திருக்கிறது. அட்டைப்படத்தில் இருக்கும் நாயகர்கள் மேடையில் தோன்றுவதை நிறுவனம் விரும்புவதில் வியப்பில்லை. ஆறில் இரண்டு இடம் அங்கேயே போய்விடும். மீதி நான்கும் அந்த இரண்டுக்குப் பணிவிடை செய்பவையாக இருக்கும். அந்த விதி மறுபடி வரும்போதும் புலம்பல் இன்சினரோர் பக்கம்தான் திரும்பும், ஏனென்றால் விகிதத்தில் அதுதான் மேலே தெரியும். ஸ்மோகன் மாதாமாதம் வெளியிடும் புள்ளிவிவரக் கோப்பில் ஒவ்வொரு போகிமானுக்கும் கீழே அதனோடு அதிகம் சேர்ந்து வரும் துணைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. எந்தப் பெயருக்குக் கீழே அந்தப் பட்டியல் பரந்து கிடக்கிறது, எந்தப் பெயருக்குக் கீழே அதே ஐந்து பெயர்கள் அழுந்தி நிற்கின்றன என்பதை முதலில் பார்க்கலாம். விகிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.